சிவப்பு அட்டையும் நான்கு பழைய போர்களும்

செங் தொழிற்பேட்டையில், எங்கள் கம்பெனியின் தரப் பிரிவில் அடுத்த திங்கள்கிழமை வேலைக்குச் சேரப்போகும் உங்கள் இருவருக்கும் இதை எழுதுகிறேன். ஒப்படைப்புக் கோப்பில் நாற்பத்தொரு குறிப்புகள் வைத்திருக்கிறேன். எந்த நுண்ணோக்கியின் விளக்கு அடிக்கடி மங்கும், எந்த வாடிக்கையாளர் மாலை ஐந்து மணிக்குத்தான் புகார் அனுப்புவார், எல்லாம் வரிசையாக இருக்கின்றன. கோப்பில் எழுத முடியாத ஒன்று மட்டும் மிச்சம். பதினோரு வருட வேலையில் நான் போகவிட்ட ஆறு பெட்டிகளைப் பற்றியது அது. முப்பத்தைந்து வயதில் வேலையை விடுகிறவள் அனுபவம் பேசுவது கொஞ்சம் அதிகப்படிதான். இருந்தாலும் படியுங்கள். அந்த நாற்காலியில் இனி நீங்கள்தான் உட்காரப்போகிறீர்கள்.

நம் வேலை இரண்டு. விற்ற பொருள் பழுதாகித் திரும்பி வந்தால், ஏன் பழுதானது என்று கண்டுபிடித்து இனி அப்படி ஆகாமல் செய்வது ஒன்று. சந்தேகம் வந்தால் கிடங்கில் இருக்கும் பெட்டியின்மேல் சிவப்பு அட்டை ஒட்டுவது மற்றொன்று. ஒட்டிவிட்டால் பெட்டி நகராது. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை, நம் கையெழுத்து ஒன்றே போதும். கம்பெனியில் இவ்வளவு சின்னச் சம்பளக்காரருக்கு இவ்வளவு பெரிய அதிகாரம் வேறு எங்கும் இல்லை.

இரண்டாம் வருடம் நான் அந்த அட்டையைத் தவறாக ஒட்டினேன். அளவுக் கருவியைச் சரிபார்க்காமல் அளந்துவிட்டேன். நல்ல சரக்கு ஒரு நாள் முழுக்க நின்றது. வாடிக்கையாளர் தொலைபேசியில் கத்தினார், கிடங்குக்காரர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அன்றைக்கு எங்கள் மேலாளர் என்னைக் கூப்பிட்டார். யாழ்ப்பாணத்திலிருந்து அந்தக் காலத்தில் மலாயாவுக்கு வந்த குடும்பம், பக்கத்தில் தங்கா பத்துவில் வீடு, குரல் உயர்த்தி யாரும் கேட்டதில்லை. எல்லோருக்கும் அவர் ‘சார்’.

“பிழையா ஒட்டினா ஒரு நாள் போகும், பிள்ளை. ஒட்டாம விட்டா என்ன போகும் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. அடுத்த முறையும் சந்தேகம் எண்டா ஒட்டும்,” என்றார்.

குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். ஆனால் மனதில் நின்றது கிடங்கில் கேட்ட சிரிப்புத்தான். அதற்குப் பிறகு, கையில் ஆதாரம் முழுமையாக இல்லாமல் அட்டையைத் தொடுவதில்லை என்று எனக்கு நானே ஒரு விதி வைத்துக்கொண்டேன். அந்த விதி எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

நம் மூன்றாவது உற்பத்தி லைனில், சாய்வை அறியும் ஒரு பாகம் செய்தோம். கைத்தொலைபேசியைத் திருப்பினால் படமும் திரும்புகிறதே, அந்த வகை. ஆனால் அதைவிடப் பெரியது, கட்டைவிரல் நகம் அளவு, உறுதியானது. அந்த லைனின் தலைவி பார்வதி அக்கா. புலாவ் செபாங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர், இப்போதும் அங்கிருந்துதான் கம்பெனி பஸ்ஸில் வருகிறார். பழுதாகித் திரும்பி வரும் பாகத்துக்கு அவர் வைத்த பெயர் ‘வாழாவெட்டி’. எனக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை. ஒரு முறை கண்டித்தும் பார்த்தேன்.

“நானே புருசன் வேணாம்னு அம்மா வூட்டுக்குத் திரும்பி வந்தவ. எனக்கு இல்லாத உரிம யாருக்கு, மிஸ்?” என்றார்.

ஒரு நாள் காலை அவர் தட்டை ஏந்திக்கொண்டு என் மேசைக்கு வந்தார். தட்டில் மூன்று பாகங்கள், ஒன்றின் மூடி நசுங்கியிருந்தது.

“பாருங்க மிஸ், மூணு பேரும் ஒன்னா வந்துட்டாளுங்க. நல்லா அடிச்சிருக்கான். எந்த வூட்டுக்குக் கட்டிக் குடுத்தோம்?”

“வயலுக்கு மருந்து தெளிக்கிற ட்ரோனாம். விநியோகஸ்தர் எழுதியிருக்கார்.”

“மருந்து தெளிக்கிறவன் இப்படியா அடிப்பான்? எங்கம்மா முதுகுல மருந்து டாங்கிய மாட்டிக்கிட்டு மெதுவா நடந்து நடந்துதான் அடிக்கும். இது என்னா லா, கவண்ல வச்சி எறிஞ்ச மாதிரி இருக்கு. மாப்ள வூட்ட விசாரிங்க மிஸ்.”

சிரித்தேன். அவர் சொன்னது சரிதான் என்று இரண்டாம் நாள் தெரிந்தது. உள்ளே முடியைவிட மெல்லிய தங்கக் கம்பி அறுந்திருந்தது. கிளம்பும் கணத்தில் ஒரே திசையில் மிகப் பெரிய உதை விழுந்தால்தான் அப்படி அறும். மருந்து தெளிக்கும் ட்ரோன் நின்ற இடத்திலிருந்து மெல்ல மேலே எழும்பும். இது எறியப்பட்ட ஒன்று.

நான் எட்டுக் கவனிப்புகளைப் பட்டியலிட்டிருந்தேன். ஏழுக்கு விளக்கம் கிடைத்தது. எட்டாவது இப்படி இருந்தது: ‘சொல்லப்பட்ட பயன்பாடு இந்த உதையைத் தராது. விளக்கம் தேவை.’ விநியோகஸ்தருக்கு இரண்டு கடிதங்கள் அனுப்பினேன், பதில் இல்லை. மூன்றாவதற்கு ஒரு வரி வந்தது: அது பழுதின் காரணத்துக்குச் சம்பந்தமில்லாத கேள்வியாம். அறிக்கைக்குக் கெடு மறுநாள். எட்டாவது வரியை அழித்தேன். பட்டியல் ஏழோடு சுத்தமாக முடிந்தது. கம்பியின் வளைவை எப்படி மாற்றினால் அந்த உதையைத் தாங்கும் என்று படம் போட்டுக் காட்டிக் கையெழுத்திட்டேன். இதுவரை நான் எழுதியதில் மிகச் சிறந்த அறிக்கை அதுதான். தலைமையகத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. மாற்றிச் செய்த பாகங்களின் எண்ணுக்குக் கடைசியில் ‘கே’ என்ற எழுத்தைச் சேர்த்தோம். அதன் பிறகு புகார் வரவில்லை.

ஐந்து மாதம் கழித்து ஒரு திங்கள்கிழமை, கேண்டீனில் பார்வதி அக்கா மீ கோரெங் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டே கைத்தொலைபேசியில் செய்தித் துண்டு ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ ஒரு நகரத்தில் குடியிருப்புமேல் விழுந்த ட்ரோனின் சிதறல்களை மேசையில் பரப்பி வைத்திருந்தார்கள். கையுறை போட்ட ஒரு கை ஒரு பலகையைத் தூக்கிக் காட்டியது.

“மிஸ், இது நம்ம பொண்ணு மாதிரி இல்ல?”

வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். மூடியின்மேல் எண் தெரிந்தது. கடைசியில் ‘கே’ இருந்தது. அதாவது நான் பலப்படுத்தியது. கிளம்பும்போது அறுந்துபோகாமல், போய்ச் சேர வேண்டிய இடத்துக்குச் சேர்ந்தது.

என் முகத்தைப் பார்த்ததும் அக்கா தொலைபேசியைப் பிடுங்கி மேசைமேல் கவிழ்த்து வைத்தார். “நீங்க பாக்கல. நானும் பாக்கல. சாப்பிடுங்க.”

எந்தப் போர் என்று எழுதக் கூடாது என்று பிற்பாடு கம்பெனி வக்கீல் சொன்னார், இரு தரப்பின் பெயரும் கூடாதாம். எழுதாவிட்டாலும் உங்களுக்குப் புரியும். பெரிய நாடுகள் தங்களுக்குள் நேராக மோதிக்கொள்ளாமல், வேறொரு நாட்டு மண்ணில் வேறு ஆட்களை வைத்து ஆயுதமும் தகவலும் கொடுத்து நடத்தும் போர்களில் ஒன்று அது.

அன்றைக்குக் கிடங்கில் அதே விநியோகஸ்தருக்குப் போக வேண்டிய ஆறு பெட்டி ‘கே’ பாகங்கள் தயாராக இருந்தன. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து மூன்று மணிக்கு லாரி கிளம்பும். எனக்கு நான்கு நாள் இருந்தது. கையில் அட்டை இருந்தது.

நான் நேராக சாரிடம் போய்ப் பார்த்ததைச் சொன்னேன். அவர் எழுந்து அறைக் கதவைச் சாத்தினார்.

“புதுசில்லை, பிள்ளை. கொரியாச் சண்டையில மலாயா ரப்பர் ஒரு பக்கத்துக்குப் போச்சு. சீனாவுக்குக் குடுக்கக்கூடாது எண்டு தடையும் வந்தது. அப்ப இலங்கை என்ன செய்தது தெரியுமோ? அரிசி வாங்கிக்கொண்டு சீனாவுக்கு ரப்பர் குடுத்தது. இஞ்சையும் தமிழன் பால் எடுக்க மரம் வெட்டினான், அங்கையும் தமிழன் மரம் வெட்டினான். ஒரே சண்டையின்ர ரெண்டு பக்கத்துக்கும்.”

பிறகு, கேட்காமலே, போரில் ஆட்களை இழந்த தன் சின்னம்மா வீட்டைப் பற்றிச் சொன்னார். அது யாழ்ப்பாணத்தில். வீட்டு வளவுக்குள் விழுந்து வெடிக்காமல் கிடந்த ஷெல் குண்டை யாரோ படமெடுத்து அனுப்பியிருந்தார்களாம். “வெடிச்சதும் வெடிக்காததுமாப் பொறுக்கி வச்சிருந்தவை. அதில இருந்ததெல்லாம் வாசிக்கிறதெண்டா மூண்டு பாஷை தெரிஞ்சிருக்கோணும். எழுத்துத்தான் வேற வேற. குழி ஒண்டுதான்.”

“அப்ப அட்டை ஒட்டவா, சார்?”

“அது உம்மட உரிமை. ஏன் எண்டு மேல கேப்பினம். ஒரு செய்தித் துண்டைக் காட்டினாக் காணாது. யோசிச்சு எழுதும்.”

ஒட்ட வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. நன்றாகக் கவனியுங்கள், ஒட்டிவிட்டு எழுது என்பதும் அந்தப் பேச்சுக்குள் இருந்தது. எனக்குக் கேட்டது ‘எழுதும்’ மட்டும்தான்.

நான் ஓர் அட்டவணை போட ஆரம்பித்தேன். தலைப்புகள் ஐந்து. எந்தப் போர், பின்னால் நின்றவர்கள் யார், முன்னால் செத்தவர்கள் யார், நம் பக்கத்திலிருந்து போனது என்ன, நம் பக்கத்துக்கு வந்தது என்ன. மேலிடத்தில் இருப்பவர்கள் இதைப் படித்தால் பழைய போர்களின் வரிசையில் நம் ஆறு பெட்டிகளும் நிற்பது தெரியும், மறுக்க முடியாது என்று நம்பினேன்.

முதல் வரி கொரியா. செவ்வாய்க்கிழமை அதைப் பார்வதி அக்காவிடம் சொன்னபோது அவருக்குக் கோபம் வந்தது.

“கொரியாவப் பத்தி எங்கிட்ட சொல்றீங்களா? அந்தச் சண்டையில ரப்பர் பால் வெல ஏறுனப்பதான் எங்க தாத்தா சைக்கிள் வாங்குனாரு. எங்க லயத்துல அந்த சைக்கிளுக்கே கொரியான்னுதான் பேரு. ‘கொரியாவ எடுத்துக்கிட்டு கடைக்கு ஓடு’ம்பாங்க. அவர யாராச்சும் ஏன்யா மரம் வெட்டுனன்னு கேட்டாங்களா?”

“அவருக்கு அது எங்க போவுதுன்னு தெரியாதே அக்கா.”

“தெரிஞ்சா வெட்டாம இருந்திருப்பாரா? கங்காணி வுட்ருவானா?” குரலைத் தாழ்த்தினார். “இங்க பாரும்மா. என் லைன்ல இருபத்திரண்டு பொம்பளைங்க காண்ட்ராக்ட்ல இருக்காங்க. மாசக் கடைசியில முடியுது. இந்த ஆறு பெட்டி போனாத்தான் அடுத்த ஆர்டரு. பெட்டிய நிறுத்துனா அவளுங்கள நிறுத்துன மாதிரி. அதையும் உன் லிஸ்ட்ல போட்டுக்க.”

போட்டுக்கொண்டேன். அன்று மாலையே இன்னொன்றும் எழுதினேன், இப்போதும் அந்தத் தாள் என்னிடம் இருக்கிறது. ‘இந்த ஒப்புமை ஓர் இடத்தில் உடைகிறது. பால் வெட்டியவரின் பெயர் டயரில் இல்லை. ரப்பர் எதற்கும் போகலாம், அவரால் தெரிந்துகொண்டிருக்க முடியாது. இந்தப் பாகத்தில் எண் இருக்கிறது. அறிக்கையில் என் கையெழுத்து இருக்கிறது. எனக்குத் தெரியும்.’

செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணிக்கு இதை எழுதியவள், எழுந்து கிடங்குக்கு நடந்திருக்க வேண்டும். கிடங்குக்கு என் மேசையிலிருந்து இரண்டு நிமிடம்தான். ஆனால் அட்டவணையில் ஒரு வரிதான் நிரம்பியிருந்தது. ஒரு வரியோடு மேலே போனால் சிரிப்பார்கள் என்று தோன்றியது.

புதன்கிழமை வியட்நாமும் ஆப்கானிஸ்தானும். இரண்டிலும் பின்னால் நின்றவர்கள் என்ற கட்டம் எளிதாக நிரம்பியது, முன்னால் செத்தவர்கள் என்ற கட்டத்தில் எதை எழுதினாலும் போதவில்லை. ஒன்று மட்டும் எல்லா வரியிலும் ஒத்துப்போனது. பெரியவர்கள் களைத்துப்போய் விலகிய பிறகும் அந்த மண்ணில் சாவு நிற்கவில்லை. இதைக் கண்டுபிடித்ததில் எனக்கு ஒரு திருப்தி வந்தது. வெட்கத்தோடு சொல்கிறேன், ஒரு பழுதின் காரணம் பிடிபடும்போது வருமே, அதே திருப்தி.

வியாழக்கிழமை முழுவதும் இலங்கையில் போனது. வெளிநாடுகள் இரு பக்கத்துக்கும் கொடுத்தார்கள், பயிற்சியும் தந்தார்கள், ஒரு பெரிய நாட்டின் படையே வந்து இறங்கியது. ஆனால் சண்டைக்கான காரணம் உள்ளேயே இருந்தது. அப்படியானால் இந்த வரிசையில் அதை வைக்கலாமா? வைத்தால் சாருடைய உறவினர்களின் சாவு வேறு யாரோ ஆடிய ஆட்டமாகிவிடும். வைக்காவிட்டால் கொடுத்தவர்கள் எல்லோரும் தப்பித்துவிடுகிறார்கள். எழுதினேன், அழித்தேன், மறுபடி எழுதினேன். அது நல்ல கேள்விதான். எந்த நாள் வேண்டுமானாலும் கேட்டிருக்கலாம். அந்த வியாழக்கிழமை அது தேவையில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் கட்டங்களின் கோடுகளைச் சரிசெய்தேன், மணி போனதே தெரியவில்லை. நான்கு வரிகள், கடைசியில் ஐந்தாவதாக நம் பெட்டிகள். மூன்று நாற்பதுக்கு அச்செடுத்துக்கொண்டு சாரின் அறைக்குப் போனேன். அவர் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு இரண்டு பக்கத்தையும் நிதானமாகப் படித்தார். இலங்கை வரியில் விரலை வைத்துச் சற்று நிறுத்தினார்.

“நல்லா எழுதியிருக்கிறீர்,” என்றார். பிறகு, “அட்டை எப்ப ஒட்டினனீர்? திங்களோ, செவ்வாயோ?”

“இல்ல சார். இது முடியட்டும்னு...”

அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. தாளை மேசைமேல் வைத்துவிட்டுத் தொலைபேசியை என் பக்கம் தள்ளினார். நான் கிடங்கைக் கூப்பிட்டேன்.

“அந்த ஆறு பெட்டியா? எப்பவும் போல மூணு மணிக்கே போயிருச்சி மிஸ். ஏன் லா, எதாச்சும் பிரச்சனையா?” என்றார் கிடங்குக்காரர்.

அதற்குப் பிறகு செய்ய வேண்டியதையெல்லாம் செய்தோம். சரக்கு முகவருக்குக் கடிதம் எழுதினோம். மூன்று நாடு தாண்டி ஒரு சுதந்திர வணிகப் பகுதியில் பெட்டிகள் கைமாறிவிட்டதாகப் பத்து நாள் கழித்துப் பதில் வந்தது. என் அட்டவணையோடு சார் தலைமையகத்துக்கு எழுதினார். அவர்கள் விசாரித்தார்கள், வக்கீல் வைத்தார்கள், அந்த விநியோகஸ்தரோடு வியாபாரத்தை முறித்துக்கொண்டார்கள். அந்த வகையில் என் நான்கு வரிகள் வீண் போகவில்லை. அடுத்த ஆர்டர் இல்லாமல் போனது. மாதக் கடைசியில் இருபத்திரண்டு பேருக்கும் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. பாதிப் பேர் புலாவ் செபாங் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தவர்கள். கடைசி நாளில் அவர்களுக்கு நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் வாங்கிக் கொடுத்தோம். யாரும் என்னைத் திட்டவில்லை. அவர்களுக்குக் காரணம் தெரியாது.

அந்த லைனில் தெரிந்தவர் பார்வதி அக்கா மட்டும்தான். பஸ் போன பிறகு என் பக்கத்தில் வந்து நின்றார்.

“திங்கக்கிழமையே நிறுத்தியிருந்தா, சரி, எம்பிள்ளைங்க வேல போனதுக்கு அங்க யாரோ ஒருத்தன் பொழச்சான்னு மனசத் தேத்திக்குவேன். நிறுத்தாமலே இருந்திருந்தா வேலையாச்சும் நெலச்சிருக்கும். நீ ரெண்டையும் வுட்டுட்டியேம்மா.”

சண்டை போடும் குரலில் அவர் சொல்லவில்லை. ஒரு கணக்கைச் சரிபார்ப்பது போலச் சொன்னார். நான் எவ்வளவோ முறை திருப்பிப் போட்டுப் பார்த்துவிட்டேன், அவர் சொன்னதில் தவறில்லை.

ஆகவே உங்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான். பட்டியலில் ஒரு வரி ஒத்துப்போகவில்லை என்றால் அழிக்காதீர்கள், கெடு தாண்டினாலும் பரவாயில்லை. பொருள் எந்த வீட்டுக்குப் போகிறது என்று யாராவது விளையாட்டாகக் கேட்டால் கூட நின்று பதில் தேடுங்கள். சந்தேகம் வந்தால் முதலில் அட்டையை ஒட்டுங்கள், வரலாறு பிறகு படிக்கலாம். வரலாற்றைப் படிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. பழைய போர்களைத் தெரிந்துகொள்ளாமல் இந்தப் போரில் நம் இடம் எது என்று எனக்குத் தெரிந்திருக்காது. ஆனால் அது மயக்கமும் தரும். சாருக்கு அது, எப்போதும் இப்படித்தான் என்ற ஆறுதலைத் தந்தது. அக்காவுக்கு, தாத்தாவை யாரும் கேட்கவில்லையே என்ற நியாயத்தைத் தந்தது. எனக்கு அது செய்வதற்கு ஒரு வேலையைத் தந்தது, அதனால் நான் செய்ய வேண்டியதைச் செய்யவில்லை.

சார் போன வருடம் ஓய்வு பெற்றார். நான் இந்த மாதம் போகிறேன். ரத்தச் சுத்திகரிப்பு இயந்திரங்களைச் சோதிக்கும் வேலை ஒன்று கிடைத்திருக்கிறது. அந்த இயந்திரங்கள் எங்கே போகின்றன என்று நேர்காணலில் கேட்டேன். அவர்கள் வியப்போடு பார்த்துவிட்டுப் பட்டியல் கொடுத்தார்கள்.

ஒன்றை நீங்கள் முன்கூட்டித் தெரிந்துகொள்ள வேண்டும். மாதந்தோறும் தரக் கூட்டம் நடக்கும், அதில் கடந்த இரண்டு வருடச் சரக்கையெல்லாம் திரையில் காட்டுவார்கள். அந்த ஆறு பெட்டிகளிலிருந்து இதுவரை ஒன்றுகூடப் பழுதாகித் திரும்பவில்லை. எல்லாம் வேலை செய்திருக்கின்றன. அந்தப் பெட்டிகளின் எண்ணுக்கு எதிரே பூச்சியம் பச்சை நிறத்தில் வரும், உடனே எல்லோரும் கைதட்டுவார்கள். முதல் மாதம் நான் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்தவர் குனிந்து, உடம்பு சரியில்லையா என்று கேட்டார். அடுத்த மாதத்திலிருந்து நானும் தட்டினேன்.